துத்தநாகம் நேர்மின்முனை என்றால் அதன் குறி மட்டும் ஏன் எதிர்? மின்வேதியியலில் மூன்று சந்தேகங்கள்

#1 – கடைசிபெஞ்சு

தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. மற்றப் பாடங்களை ஒருவாறு தேற்றிவிட்டேன். ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளும் மின்வேதியியலும்தான் கைக்குள் அடங்க மறுக்கின்றன. நேற்று ஒரு மாதிரித் தாளை எழுதிப் பார்த்தேன். இந்த இரண்டிலிருந்தும் வந்த 12 கணக்குகளில் 4 மட்டுமே சரி. அந்த நான்கில் ஒன்று குருட்டாம்போக்கில் வந்தது.

சந்தேகங்கள்:

ஒன்று. டேனியல் கலத்தில் (துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்த மின்கலம்) "துத்தநாகம் நேர்மின்முனை" என்று ஒரு வரி சொல்கிறது. அடுத்த வரியே "துத்தநாகத் தகடு எதிர்க்குறி உடையது" என்கிறது. மின்னாற்பகுப்புப் பாடத்துக்குப் போனால் நேர்மின்முனைக்கு நேர்க்குறிதான். மனப்பாடம் செய்து தொலைக்கலாம் என்றால், எழுத உட்கார்ந்ததும் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

இரண்டு. அமில ஊடகத்தில் சமன்பாட்டைச் சமன்செய்ய வருகிறது. "கார ஊடகம்" என்று பார்த்தாலே கை நின்றுவிடுகிறது.

மூன்று. அரைவினையை (எலக்ட்ரான் இழப்பதை மட்டுமோ பெறுவதை மட்டுமோ காட்டும் பாதி வினை) 2-ஆல் பெருக்கினால் மின்னழுத்தத்தையும் 2-ஆல் பெருக்க வேண்டுமா? ஒரு விடைக்குறிப்பு வேண்டாம் என்கிறது. இன்னொரு கணக்கில் பெருக்கியே விடை கண்டிருக்கிறார்கள்.

#2 – மயில்துத்தம்

முதல் சந்தேகம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதில் விழாமல் எழுந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. குறியை மறந்துவிட்டு, எலக்ட்ரான் எங்கே கழல்கிறது என்று மட்டும் பாருங்கள். விரிவாகச் சொல்ல இங்கே ஒருவர் இருக்கிறார், வருவார்.

#3 – பழைய ஆய்வகம்

வந்துவிட்டேன். தம்பி, கோளாறு உங்கள் மூளையில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

ஆனோடு, கேதோடு என்ற பெயர்களை மைக்கேல் பாரடே 1834-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயரை யோசித்துக் கொடுத்தவர் வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞர். கிரேக்க மூலத்தில் ஆனோடு என்பது மேலேறும் வழி, கேதோடு என்பது கீழிறங்கும் வழி. இரண்டு சொற்களிலும் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. மின்னோட்டம் கலத்துக்குள் நுழையும் வாசலுக்கு ஒரு பெயர், வெளியேறும் வாசலுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

தமிழில் ஆனோடுக்கு நேர்மின்முனை என்று பெயர் சூட்டியபோது மின்னாற்பகுப்புக் கலம்தான் கண்முன் இருந்திருக்க வேண்டும். அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. தானே மின்சாரம் தரும் கால்வானிக் கலத்துக்கு வந்ததும் பெயர் ஒரு பக்கம், குறி ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. செல்வம் என்று பெயர் வைத்தவர் எல்லாம் பணக்காரராகவா இருக்கிறார்? பெயரைக் குறியாகப் படிக்காதீர்கள்.

எங்கே ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, நடக்கிறதோ அது ஆனோடு. எந்தக் கலமானாலும் இதில் மாற்றம் இல்லை.

இப்போது தகட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். டேனியல் கலத்தில் துத்தநாக அணு ஒன்று கரைசலுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது தன் இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு 2+ அயனியாகப் போகிறது. விட்டுப்போன எலக்ட்ரான்கள் தகட்டில் தேங்குகின்றன. ஆகவே தகட்டுக்கு எதிர்க்குறி. மின்னாற்பகுப்பில் கதை வேறு. வெளியே இருக்கும் மின்மூலம் ஆனோடிலிருந்து எலக்ட்ரான்களை உறிஞ்சி எடுக்கிறது. எலக்ட்ரான் பறிபோன தகடு நேர்க்குறி. தானாக விட்டாலும் ஆக்சிஜனேற்றம்தான், பிடுங்கப்பட்டாலும் ஆக்சிஜனேற்றம்தான். குறி மட்டும் மாறுகிறது.

#4 – கடைசிபெஞ்சு

ஐயா, தம்பி இல்லை, தங்கை. :)

"தானாக விட்டால் எதிர், பிடுங்கப்பட்டால் நேர்" என்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்படியானால் ஒரே கலத்தை ஒருமுறை பயன்படுத்தி, பிறகு மின்னேற்றம் செய்தால்? அப்போது நடுவில் பெயர் மாறுமா?

#5 – மயில்துத்தம்

மாறும். வாகனங்களில் இருக்கும் ஈயச் சேமக்கலம்தான் இதற்குச் சரியான உதாரணம். ஒரு தகடு ஈயம், இன்னொன்று ஈய டைஆக்சைடு, இடையில் கந்தக அமிலம். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்.

மின்சாரம் எடுக்கும்போது ஈயத்தின் ஆக்சிஜனேற்ற எண் 0-இலிருந்து +2-க்கு ஏறி, அது ஈய சல்பேட்டு ஆகிறது. ஆக்சிஜனேற்றம், எனவே ஆனோடு, கழித்தல் முனை. எதிரே ஈய டைஆக்சைடு +4-இலிருந்து +2-க்கு இறங்கி அதுவும் ஈய சல்பேட்டே ஆகிறது. ஒடுக்கம், எனவே கேதோடு, கூட்டல் முனை.

மின்னேற்றும்போது கூட்டல் முனையில் இருக்கும் ஈய சல்பேட்டு +2-இலிருந்து மறுபடி +4-க்கு ஏறுகிறது. ஏறினால் ஆக்சிஜனேற்றம். ஆகவே இப்போது கூட்டல் முனைதான் ஆனோடு. பெட்டியின்மேல் அச்சிட்ட + அடையாளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; ஆனோடு என்ற பட்டம்தான் இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகட்டுக்குத் தாவிவிட்டது.

#6 – அரைவினை

நான் வைத்திருக்கும் குறுக்குவழி: ஆவுக்கு ஆ. ஆனோடில் ஆக்சிஜனேற்றம்.

#7 – கணக்குப்பிள்ளை

வினாத்தாளில் "நேர்மின்முனை" என்றுதானே அச்சாகியிருக்கும். அங்கே உங்கள் 'ஆ' எங்கே இருக்கிறது?

#8 – அரைவினை

நேர்மின்முனை என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் தலைக்கு மேலே பென்சிலால் 'ஆ' என்று எழுதிவிடுவேன். வினாத்தாளில் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

#9 – பழைய ஆய்வகம்

மன்னியுங்கள் அம்மா, பழக்கதோஷம்.

இதே இடத்தில் இன்னொன்றையும் முடித்துவிடுவோம். எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்வதற்கு ஏன் "ஒடுக்கம்" என்று பெயர், பெற்றால் கூடத்தானே செய்யும் என்று பலர் கேட்பார்கள். ஒடுங்குவது எண். மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு வந்தால் எண் ஒடுங்கியது. ஏற்றம், ஒடுக்கம் இரண்டையும் ஆக்சிஜனேற்ற எண்ணோடு சேர்த்துப் படித்தால் தமிழ்ச் சொல்லே விடையைச் சொல்லிவிடும். முன்பு சொல்லைத் திட்டினேன் அல்லவா, இங்கே அதே மொழிபெயர்ப்புக்கு ஒரு கும்பிடு.

இரண்டு கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தையும் இத்துடன் பாருங்கள். துத்தநாகப் பக்கம் 2+ அயனிகள் பெருகுகின்றன. அவற்றைச் சமன்செய்ய எதிர் அயனிகள் ஆனோடு பக்கம் போகும், நேர் அயனிகள் கேதோடு பக்கம் போகும். செய்முறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பொட்டாசியம் நைட்ரேட்டில் நனைத்த வடிதாள் பட்டையை இரண்டு பீக்கர்களுக்கும் குறுக்கே போட்டால் வோல்ட்மீட்டர் முள் 1.1-ஐ ஒட்டி எழும்பும். பட்டையைத் தூக்கினால் பொத்தென்று சுழிக்கு விழும். ஒருமுறை வெள்ளி நைட்ரேட் கலத்துக்குப் பொட்டாசியம் குளோரைடு பாலத்தை வைத்துவிட்டேன். பாலத்தின் முனையிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் திரிந்து இறங்கியது. வெள்ளி குளோரைடு வீழ்படிவு. மாணவர்கள் பரவசமாகப் பார்த்தார்கள், நான் அசடு வழிந்தேன். "வெள்ளிக் கலத்துக்கு ஏன் பொட்டாசியம் குளோரைடு பாலம் ஆகாது?" என்று ஒரு மதிப்பெண்ணில் கேட்டால் என் அசட்டுத்தனத்தை எழுதிவிடுங்கள்.

#10 – அரைவினை

இரண்டாவது சந்தேகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கார ஊடகத்துக்கென்று தனி முறை எதுவும் வேண்டாம். முதலில் அமில ஊடகம் என்றே நினைத்து முழுவதையும் முடியுங்கள். கடைசியில் எத்தனை ஹைட்ரஜன் அயனி மிஞ்சுகிறதோ அத்தனை ஹைட்ராக்சைடு அயனியை இரண்டு பக்கமும் சேருங்கள். அவை ஒன்றுகூடி நீராகிவிடும். நீரை நீருக்குக் கழித்தால் வேலை முடிந்தது.

செய்து காட்டுகிறேன். பெர்மாங்கனேட் அயோடைடோடு வினைபுரிந்து மாங்கனீசு டைஆக்சைடும் அயோடேட்டும் தருகிறது.

பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7, டைஆக்சைடில் +4. மூன்று எலக்ட்ரான் வரவு:
பெர்மாங்கனேட் + 4 ஹைட்ரஜன் அயனி + 3 எலக்ட்ரான் → மாங்கனீசு டைஆக்சைடு + 2 நீர்

அயோடின் −1-இலிருந்து +5-க்கு ஏறுகிறது. ஆறு எலக்ட்ரான் செலவு:
அயோடைடு + 3 நீர் → அயோடேட் + 6 ஹைட்ரஜன் அயனி + 6 எலக்ட்ரான்

வரவும் செலவும் ஒத்துப்போக முதல் வரியை 2-ஆல் பெருக்கிக் கூட்டுகிறோம்:
2 பெர்மாங்கனேட் + அயோடைடு + 2 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு டைஆக்சைடு + அயோடேட் + நீர்

அமிலக் கணக்கு இத்துடன் முடிந்தது. மிஞ்சியது 2 ஹைட்ரஜன் அயனி. இரண்டு பக்கமும் 2 ஹைட்ராக்சைடு சேர்த்தால் இடப்பக்கம் 2 நீர் வரும். வலப்பக்கத்து ஒரு நீரைக் கழிக்க:
2 பெர்மாங்கனேட் + அயோடைடு + நீர் → 2 மாங்கனீசு டைஆக்சைடு + அயோடேட் + 2 ஹைட்ராக்சைடு

மின்சுமையைச் சரிபாருங்கள். இடம் −3, வலம் −3. இந்தக் கடைசிச் சரிபார்ப்புக்குப் பத்து விநாடிதான் ஆகும். அதைச் செய்யாமல் அடுத்த வினாவுக்குப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

#11 – கடைசிபெஞ்சு

அடடா, இவ்வளவுதானா! நான் கார ஊடகத்துக்கு ஹைட்ராக்சைடை எந்தப் பக்கம் போடுவது என்று ஒரு பட்டியலே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

பெர்மாங்கனேட் சில கணக்கில் மாங்கனீசு 2+ ஆகிறது, இங்கே டைஆக்சைடு ஆகிறது. விளைபொருளை வினாவில் தராவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

#12 – மயில்துத்தம்

ஊடகத்தைப் பாருங்கள். அமிலத்தில் ஐந்து எலக்ட்ரான் வாங்கி 2+ அயனியாகும், ஊதா நிறம் மறைந்து கரைசல் ஏறக்குறைய நிறமற்றதாகும். நடுநிலையிலும் லேசான காரத்திலும் மூன்று வாங்கிப் பழுப்பு டைஆக்சைடாகப் படியும். வீரியமான காரத்தில் ஒன்றே ஒன்று வாங்கிப் பச்சை நிற மாங்கனேட்டாக நிற்கும். ஐந்து, மூன்று, ஒன்று. நிறத்தோடு சேர்த்துப் பழகினால் மறக்காது.

#13 – அரைவினை

அப்படியே அமிலத்தில் பெர்மாங்கனேட்டையும் ஆக்சலேட்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள். விடை 2 : 5 என்று வர வேண்டும்.

#14 – கடைசிபெஞ்சு

2 பெர்மாங்கனேட் + 5 ஆக்சலேட் + 16 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு(2+) + 10 கார்பன் டைஆக்சைடு + 8 நீர். மின்சுமை இடம் −2 −10 +16 = +4, வலம் +4. (கோபம் வராதிருக்கச் சரிபார்த்துவிட்டேன்.)

ஆக்சிஜனேற்ற எண்ணில் ஒரு சின்னச் சிக்கல். அமிலம் கலந்த டைகுரோமேட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் வரும் நீலச் சேர்மம். ஒரு குரோமியத்துக்கு ஐந்து ஆக்சிஜன். எனக்கு +10 வருகிறது.

#15 – பழைய ஆய்வகம்

குரோமியத்திடம் கொடுப்பதற்கே ஆறு இணைதிறன் எலக்ட்ரான்தான் இருக்கிறது. பத்தைக் கேட்டால் எங்கே போகும் பாவம்? விடை வந்ததும் அந்தத் தனிமத்தின் தொகுதியைப் பார்த்து, அத்தனை எலக்ட்ரான் அதனிடம் உண்டா என்று ஒரு கணம் யோசியுங்கள். உச்ச வரம்பைத் தாண்டினால் உள்ளே பெராக்சைடுப் பிணைப்பு ஒளிந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சேர்மத்தில் நான்கு ஆக்சிஜன் பெராக்சைடு வகை, தலைக்கு −1. மீதி ஒன்று −2. கூட்டினால் −6, எனவே குரோமியம் +6. இதே தந்திரத்தைப் பெராக்சோமோனோசல்பூரிக் அமிலத்திலும் வைப்பார்கள். கந்தகம் +8 என்று வரும், உண்மையில் +6.

#16 – கணக்குப்பிள்ளை

மூன்றாவது சந்தேகம் என் பேட்டை.

மின்னழுத்தத்தைப் பெருக்கக்கூடாது. ஒரே சூட்டில் இருக்கும் இரண்டு குவளை நீரை ஒன்றாக ஊற்றினால் சூடு இரட்டிப்பாகுமா? நீரின் அளவு கூடும், வெப்பநிலை கூடாது. மின்னழுத்தமும் அந்தச் சாதி. தாமிரமும் வெள்ளியும் சேர்ந்த கலத்தில் வெள்ளி அரைவினையை 2-ஆல் பெருக்குவோம், ஆனால் அதன் 0.80 வோல்ட்டைத் தொடமாட்டோம். 0.80 − 0.34 = 0.46 வோல்ட். தொட்டவர்களுக்கு 1.26 வரும். அந்த 1.26 கட்டாயம் நான்கு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தாள் தயாரித்தவருக்கு நம்மைத் தெரியும்.

பெருக்கி விடை கண்ட கணக்கு என்றீர்களே, அது இந்த வகையாகத்தான் இருக்கும்: இரும்பு 3+ அயனி 2+ ஆக +0.77 வோல்ட், 2+ அயனி இரும்பாக −0.44 வோல்ட், 3+ நேராக இரும்பாக எவ்வளவு? இரண்டையும் கூட்டி 0.33 என்று எழுதினால் தவறு. இங்கே கிடைப்பது முழு வினையல்ல, இன்னோர் அரைவினை. எலக்ட்ரான்கள் கழிந்துபோகாமல் அப்படியே நிற்கின்றன. கூட்டத்தக்கது ஆற்றல். ஆற்றல் என்பது எலக்ட்ரான் எண்ணிக்கையை அழுத்தத்தால் பெருக்கியது. 1 × 0.77 = 0.77. 2 × (−0.44) = −0.88. கூட்டினால் −0.11. இதை 3 எலக்ட்ரானால் வகுத்தால் −0.037 வோல்ட். குறியே தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

எலக்ட்ரான் முற்றிலும் கழிந்தால் அழுத்தங்களை நேராகக் கழியுங்கள். மிஞ்சி நின்றால் ஆற்றல் வழியாகப் போங்கள். வேறு விதி கிடையாது.

#17 – கடைசிபெஞ்சு

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், ரொம்ப நன்றி.

செறிவு மாறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் மடக்கைக்குள் எது மேலே, எது கீழே என்று தலைகீழாகப் போட்டுவிடுகிறேன். நேற்றைய கணக்கு டேனியல் கலம், திட்ட மின்னழுத்தம் 1.10 வோல்ட்: துத்தநாக அயனி 0.1 மோலார், தாமிர அயனி 0.001 மோலார், 298 கெல்வின். எனக்கு 1.159 வந்தது. விடை 1.041 என்றிருக்கிறது.

#18 – மயில்துத்தம்

பேனாவை எடுக்கும் முன்பே விடை 1.10-க்கு மேலா கீழா என்று சொல்லிவிடலாம். வினையில் செலவாவது தாமிர அயனி. அது ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. சேர்ந்துகொண்டே போகும் துத்தநாக அயனியோ நூறு மடங்கு அதிகம். சரக்கு குறைவு, குவிந்தது அதிகம். வினைக்கு உந்துதல் குறையத்தான் செய்யும். 1.159 வந்தவுடனேயே உங்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

கணக்கு: 1.10 − (0.0591 / 2) × மடக்கை(0.1 / 0.001). நூறின் மடக்கை 2. ஆகவே 1.10 − 0.0591 = 1.041.

#19 – கணக்குப்பிள்ளை

கூடவே இதையும் கேளுங்கள். முழுச் சமன்பாட்டையும் 2-ஆல் பெருக்கி எழுதினால் எலக்ட்ரான் 4 ஆகும், மடக்கைக்குள் விகிதம் வர்க்கமாகும். (0.0591 / 4) × 4 = 0.0591. விடை மாறாது. குவளை நீர்க் கதைதான் இங்கேயும்.

அதே 1.10 வோல்ட்டிலிருந்து ஆற்றல் கேட்டால் 2 × 96500 × 1.10 = 2,12,300 ஜூல், அதாவது −212.3 கிலோஜூல் (96500 என்பது ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை, கூலும் கணக்கில்). கழித்தல் குறியை மறந்தால் ஒரு மதிப்பெண் போயிற்று. சமநிலை மாறிலி ஏறத்தாழ 10-இன் 37-ஆம் அடுக்கு. துத்தநாகத் துண்டைத் தாமிர சல்பேட்டில் போட்டால் செம்பழுப்புப் பொடி அப்பிக்கொண்டு நீலம் ஏன் முற்றாக வெளுத்துப்போகிறது என்பதற்கு இந்த எண்தான் காரணம்.

இப்போது என் தரப்பில் ஒரு முறையீடு. அடர் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்தால் ஆனோடில் குளோரின் வரும் என்று எல்லா விடைக்குறிப்பும் சொல்கிறது. திட்ட ஒடுக்க அழுத்த அட்டவணைப்படி குளோரினுக்கு 1.36 வோல்ட், ஆக்சிஜனுக்கு 1.23. ஆனோடில் ஒடுக்க அழுத்தம் குறைந்ததுதான் முதலில் ஆக்சிஜனேற்றம் அடைய வேண்டும். கணக்குப்படி ஆக்சிஜன்தான் வர வேண்டும். விடைக்குறிப்பு தவறு என்பது என் கட்சி.

#20 – பழைய ஆய்வகம்

கட்சி தோற்கும். அந்தக் கரைசலைப் பகுத்தால் ஆனோடுப் பக்கம் எழும் நெடி மூக்கைத் துளைக்கும். ஆக்சிஜனுக்கு நெடி கிடையாது.

#21 – கணக்குப்பிள்ளை

மூக்கு சாட்சி சொல்லலாம், எண் என்ன சொல்கிறது?

#22 – பழைய ஆய்வகம்

எண் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது. அட்டவணை எது சாத்தியம் என்று சொல்லும், எவ்வளவு வேகம் என்று சொல்லாது. நீரிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வர வேண்டுமானால் இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கி, நான்கு ஹைட்ரஜன் அயனிகளை விரட்டி, இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கோக்க வேண்டும். படிப்படியாக நடக்கும் மந்தமான வேலை அது. அதை விரட்டி நடத்த 1.23-க்கு மேலே கூடுதல் அழுத்தம் தேவை. அதற்குத்தான் மிகை மின்னழுத்தம் என்று பெயர். குளோரினுக்கு இரண்டு குளோரைடு, இரண்டு எலக்ட்ரான், சட்டென்று முடிந்துவிடும். அட்டவணையில் இருக்கும் இடைவெளி 0.13 வோல்ட்தான். மிகை மின்னழுத்தம் அதை எளிதில் விழுங்கிவிடுகிறது. குளோரைடு அடர்வாக இருப்பதும் குளோரினுக்கே சாதகம். கரைசலை நன்றாக நீர்த்துவிட்டால் ஆக்சிஜன் தலைதூக்கும். வினாவில் "அடர்" என்றோ "மிக நீர்த்த" என்றோ ஓர் அடைமொழி இருந்தால் அது அலங்காரம் அல்ல.

கேதோடில் இந்தத் தகராறே இல்லை. சோடியத்துக்கு −2.71 வோல்ட், நீர் அதைவிட மிக எளிதாக ஒடுங்கும். ஹைட்ரஜன் வரும், கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேரும். சோடியம் வேண்டுமானால் நீரே இல்லாமல் உருக்கித்தான் எடுக்க வேண்டும். ஹம்பிரி டேவி 1807-இல் அப்படித்தான் உருக்கிய காரங்களிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார்.

#23 – கணக்குப்பிள்ளை

இடைவெளி 0.13 என்பதைக் கவனிக்காமல் வாதாடியிருக்கிறேன். கட்சியைக் கலைக்கிறேன். ஆனால் விடைக்குறிப்பில் இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதியிருக்கலாம் என்ற குறை மட்டும் இருக்கட்டும்.

#24 – கடைசிபெஞ்சு

செலுத்திய மின்சுமைக்கு எவ்வளவு பொருள் வெளிவரும் என்று கேட்கும் பாரடே விதிக் கணக்கு ஒன்றை நானே அமைத்துப் போட்டிருக்கிறேன், திருத்துங்கள்.

வெள்ளி நைட்ரேட் கலமும் தாமிர சல்பேட் கலமும் தொடராக. முனைகள் பிளாட்டினம். 1.93 ஆம்பியர், 50 நிமிடம்.

50 நிமிடம் = 3000 விநாடி. (மாதிரித் தாளில் நிமிடத்தை அப்படியே போட்டுத் தொலைத்தேன்.)
மின்சுமை = 1.93 × 3000 = 5790 கூலும்.
எலக்ட்ரான் = 5790 / 96500 = 0.06 மோல்.
தொடர் இணைப்பு என்பதால் இரண்டு கலத்திலும் அதே 0.06.
வெள்ளி: ஒன்றுக்கு ஒன்று, 0.06 × 108 = 6.48 கிராம்.
தாமிரம்: ஒன்றுக்கு இரண்டு, 0.03 × 63.5 = 1.905 கிராம்.
தாமிரக் கலத்து ஆனோடில் ஆக்சிஜன்: ஆக்சிஜன் −2, எனவே ஒன்றுக்கு இரண்டு, 0.03 மோல். 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 0.672 லிட்டர்.

#25 – அரைவினை

ஆறு வரி அருமை, ஏழாவதில் சறுக்கல். −2 என்பது ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு. வெளியே வரும் வாயு மூலக்கூறு, அதில் அணு இரண்டு. பழைய ஆய்வகம் ஐயா மேலே சொன்ன "நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கி" என்ற வரியைப் பாருங்கள். அரைவினையை எழுதாமல் எண்ணை மனதில் பிடித்தால் இப்படித்தான் ஆகும்.

#26 – கடைசிபெஞ்சு

2 நீர் → ஆக்சிஜன் மூலக்கூறு + 4 ஹைட்ரஜன் அயனி + 4 எலக்ட்ரான். 0.06 / 4 = 0.015 மோல். 0.336 லிட்டர்.

ஹைட்ரஜன் அயனி சேர்வதால் கரைசல் அமிலமாகும், தாமிர அயனி குறைவதால் நீலம் வெளுக்கும். சரியா?

#27 – பழைய ஆய்வகம்

சரி. இப்போது தாமிர சல்பேட் கலத்தில் பிளாட்டினத்தை எடுத்துவிட்டு இரண்டு முனைகளுக்கும் தாமிரத் தகடு வையுங்கள். அதே 1.93 ஆம்பியர், அதே 50 நிமிடம். என்ன ஆகும்?

#28 – கடைசிபெஞ்சு

வாயு எதுவும் வராது. நீரைவிடத் தாமிரத்துக்கு எலக்ட்ரானை விடுவது எளிது, எனவே ஆனோடுத் தகடே கரையும். அதில் 1.905 கிராம் குறையும், கேதோடில் 1.905 கிராம் கூடும். ஒரு பக்கம் இறங்கிய அளவே மறுபக்கம் ஏறுவதால் கரைசலின் நீலம் அப்படியே இருக்கும்.

ஆனோடுக்கு இந்த முறை நேர்க்குறி, ஏனென்றால் எலக்ட்ரான் பிடுங்கப்படுகிறது.

#29 – மயில்துத்தம்

மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட்தானே, என் பெயருக்கு ஒரு குறையும் வராமல் முடித்துவிட்டீர்கள். நாளைக்குக் கடத்துத்திறன் கணக்குகளை எடுத்து வாருங்கள்.